ரோஜா இலையில் கறுப்புப் புள்ளி, வெள்ளைப் பொடி, ஆரஞ்சுத் தூள்: எது என்ன நோய், என்ன செய்வது

ரோஜாவில் இலை கெட ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த மருந்து அடிக்கட்டும்?" என்பதுதான். அதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டியவை வேறு. கறை இலையின் மேல்பக்கம் இருக்கிறதா, அடிப்பக்கமா? கீழ் இலையில் தொடங்கியதா, நுனித் துளிரிலா? ரோஜாவைத் தாக்குவதில் ஒன்றுக்கு இலை மணிக்கணக்கில் நனைந்திருக்க வேண்டும், இன்னொன்றுக்கு இலையில் தண்ணீர் நின்றாலே ஆகாது. ஒன்றை நன்றாகத் தடுக்கும் மருந்து பக்கத்து நோயை எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் கையில் கிடைத்ததைக் கலந்து அடிப்பதற்கு முன்னால் காலை வெளிச்சத்தில் நாலைந்து இலையைப் பறித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பத்து மடங்கு காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று இருந்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புள்ளி விழுந்த இலை மறுபடி பச்சையாகாது. மருந்து வேலை செய்ததா என்பதை அடுத்து வரும் புது இலைகளை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பழைய இலையைப் பார்த்துப் பார்த்து "இன்னும் போகவில்லையே" என்று மருந்தின் அளவைக் கூட்டுகிறவர்கள் நிறைய பேர், அதனால் செடிதான் கருகுகிறது.

கறுப்பு வட்டப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள், கீழிருந்து இலை கொட்டுகிறது

இது கரும்புள்ளி நோய். டிப்ளோகார்பான் ரோசே என்ற பூஞ்சாணம். ரோஜா வளர்ப்பவர்கள் அதிகம் அவதிப்படுவது இதனால்தான்.

புள்ளியின் ஓரத்தைக் கவனியுங்கள். கோடு போட்டதுபோல் கூர்மையாக இருக்காது, மை ஒற்றும் தாளில் விழுந்த சொட்டுபோல் ஓரம் இழை இழையாகப் பிரிந்து பரவியிருக்கும். பெரும்பாலும் இலையின் மேல்பக்கம். பெரிதானால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிக்குள் பொடிப் பொடியாகக் கறுத்த கொப்புளங்கள் தெரியும், பூஞ்சாணத்தைப் பரப்பும் நுண்ணிய துகள்களான வித்துகள் வெளிவருவது அங்கிருந்துதான். புள்ளியைச் சுற்றி மஞ்சள் படரும், அப்புறம் இலை முழுக்க மஞ்சளாகி விழும். தரையை ஒட்டிய இலைகளில் தொடங்கி மேலே ஏறும். சில வகைகளில் அந்த வருடம் வளர்ந்த இளந்தண்டிலும் ஊதா கலந்த சிவப்புத் திட்டுகள் வரும், அதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

இந்தப் பூஞ்சாணம் இலைக்குள் நுழைய, இலை விடாமல் சுமார் 7 மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் என்றால் அதற்குக் கொண்டாட்டம். வித்து காற்றில் பறந்து வருவதைவிடத் தண்ணீர் தெறித்து வருவதுதான் அதிகம், மழைத்துளியோ பூவாளியோ எதுவானாலும் சரி. நுழைந்து ஒரு வாரம் பத்து நாளில் புள்ளி தெரியும், இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் புள்ளியே புது வித்துகளை உமிழும். எனவே மழையை நிறுத்த நம்மால் முடியாது என்றாலும் நாம் ஊற்றும் தண்ணீர் நம் கையில்தான் இருக்கிறது. தூரில் ஊற்றுங்கள், அல்லது சொட்டுக்குழாய் போடுங்கள். மேலிருந்து தெளிப்பதைத் தவிர்க்கவே முடியாதென்றால் காலையில் செய்யுங்கள், வெயில் ஏறும்போது இலை உலர்ந்துவிடும். மாலையில் இலையை நனைத்துவிட்டுப் போனால் அந்த 7 மணி நேரத்தை நாமே கொடுத்த மாதிரி.

வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? புள்ளி விழுந்த இலைகளைக் கையால் பறியுங்கள், தரையில் விழுந்ததை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். அடுத்த பருவத்துக்கான வித்து இந்த உதிர்ந்த இலைகளிலும் தண்டுத் திட்டுகளிலும்தான் தங்கியிருக்கும். வீட்டு உரக்குழியில் போட வேண்டாம், அது பெரும்பாலும் பூஞ்சாணம் சாகும் அளவுக்குச் சூடாவதில்லை. அதே சமயம் முக்கால்வாசி இலையில் புள்ளி இருக்கிறதென்று ஒரே நாளில் செடியை மொட்டையாக்கிவிடாதீர்கள். புள்ளியோடு இருக்கும் இலையும் கொஞ்சம் உணவு தயாரிக்கிறது. மோசமானதையும் மஞ்சளானதையும் முதலில் எடுங்கள், புதுத் துளிர் வர வர மிச்சத்தை எடுக்கலாம்.

மருந்து என்றால், மேன்கோசெப் 75 சதத் தூள் லிட்டருக்கு 2 கிராம் என்பது பலர் பயன்படுத்தும் அளவு. ஆனால் அது தடுப்பு மருந்து. இலையின் மேல் படலமாக நின்று புதிதாக வரும் வித்தை முளைக்கவிடாமல் செய்யும், உள்ளே போய்விட்டதை ஒன்றும் செய்யாது. கரும்புள்ளிப் பூஞ்சாணம் இலைத் தோலுக்கு அடியில் இழை ஓட்டி வாழ்கிறது, அதனால்தான் மேலே என்ன தடவினாலும் புள்ளி போவதில்லை. டெபுகோனசோல், அசாக்ஸிஸ்ட்ரோபின் மாதிரி ஊடுருவும் மருந்துகள் ஆரம்பக்கட்டத் தொற்றைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும், அதுவும் சீக்கிரம் அடித்தால்தான். மழைக்காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, வறண்ட நாட்களில் இடைவெளியைக் கூட்டலாம். எந்த மருந்துக்கு எந்த நாட்டில் அனுமதி என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. உதாரணமாக மேன்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் முடிவெடுத்தது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் டப்பாவில் ரோஜாவுக்கு என்று என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

மஞ்சள் ரோஜாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்பார்கள். இன்றைய அடர் மஞ்சள், ஆரஞ்சுத் தோட்ட ரோஜாக்களின் நிறம் வந்தது ரோசா ஃபோடிடா என்ற காட்டினத்தின் வழியில். பிரான்சின் லியோன் நகரத்து பெர்னே-துஷே அதைக் கலந்து 1900-ல் 'சோலே தோர்' என்ற வகையை வெளியிட்டார். அந்தக் காட்டினத்துக்குக் கரும்புள்ளியை எதிர்க்கும் திறன் மிகக் குறைவு, நிறத்தோடு அந்தப் பலவீனமும் சந்ததிக்குச் சேர்ந்தே வந்துவிட்டது என்பார்கள். அதற்காக மஞ்சள் ரோஜாவே வேண்டாம் என்பதில்லை, அதை நல்ல வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். நோய் எதிர்ப்பு வகை வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்கலாம்: இந்தப் பூஞ்சாணத்தில் பல இனக்கூறுகள் உண்டு, ஓரிடத்தில் புள்ளியே விழாத வகை இன்னோரிடத்தில் விழலாம். பக்கத்துத் தோட்டத்தில் எது சுத்தமாக நிற்கிறதோ அதைக் கேட்டு வாங்குவது நல்ல வழி.

துளிரில் வெள்ளைப் பொடி, இலை சுருண்டு கோணுகிறது

சாம்பல் நோய். பொடோஸ்பேரா பன்னோசா. விரலால் தேய்த்தால் பொடி கையோடு வரும், அடியில் இலை பச்சையாகவோ கொஞ்சம் செம்மையாகவோ இருக்கும். கரும்புள்ளிக்கு நேர் எதிராக இது இளசைத்தான் தேடும், நுனித் துளிர், மொட்டு, மொட்டுக்குக் கீழே இருக்கும் காம்பு. முற்றிய இலையில் அவ்வளவாக ஏறாது. பொடி தெரிவதற்கு முன்பே துளிர் இலை படகுபோல் மேல்நோக்கி மடங்கும், அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் வேலை பாதி குறைவு.

பகலில் சூடு, இரவில் குளிர்ச்சியும் ஈரக்காற்றும், ஆனால் மழை இல்லை. இதுதான் சாம்பல் நோய்க்குப் பிடித்த வானிலை. இலையில் தண்ணீர்ப் படலம் இருந்தால் இதன் வித்து சரியாக முளைக்காது. "நான் இலையை நனைப்பதே இல்லை, பிறகு ஏன் பூஞ்சாணம்?" என்று கேட்கிறவர்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சுவரை ஒட்டி ஏற்றிய கொடி ரோஜாவில் அதிகம் வருவதும் காற்று ஓடாததால்தான்.

பூஞ்சாணம் இலைக்கு மேலேயே படர்ந்து கொண்டு, உறிஞ்சுவதற்கு மட்டும் சிறு வேர்போன்ற உறுப்பை உள்ளே விடுகிறது. ஆகவே இதை மேலிருந்தே கொல்ல முடியும், கரும்புள்ளியைப் போல இல்லை. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் நல்ல மருந்து, பழைய மருந்தும்கூட. ஆனால் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் இலை தீய்ந்துவிடும், வேப்பெண்ணெய் அல்லது வேறு எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் அதேதான். பொட்டாசியம் பைகார்பனேட் நன்றாக வேலை செய்யும். சமையல் சோடாவும் ஓரளவு செய்யும், ஆனால் அதிலுள்ள சோடியம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், தொட்டிச் செடிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பால் கலந்த தண்ணீரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் 1999-ல் வெளியிட்ட சோதனை சீமைச் சுரைக்காய்ச் செடியின் சாம்பல் நோய்க்கானது, வாரம் ஒருமுறை 10 சதப் பால் கரைசல் அடித்து நல்ல பலன் கிடைத்தது. ரோஜாவில் வருவதும் அதே குடும்பத்துப் பூஞ்சாணம்தான், ஆரம்பத்தில் முயன்று பார்க்கலாம். கரும்புள்ளிக்குப் பாலை நம்பாதீர்கள்.

மேன்கோசெப் இதற்கு உதவாது. கரும்புள்ளிக்கென்று வாங்கி வைத்ததையே இதற்கும் அடித்துவிட்டு "மருந்து போலி" என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது.

தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். யூரியா போட்டதும் பொங்கி வரும் மெல்லிய துளிர்தான் இந்தப் பூஞ்சாணத்துக்கு விருந்து. மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் மொட்டுக் கண்களுக்குள் ஒளிந்திருந்து அடுத்த துளிரோடு வருகிற வழக்கம் இதற்கு உண்டு. முற்பகலில் தண்ணீரைப் பீய்ச்சி இலைகளைக் கழுவிவிடுவதும் பயன் தரும். ஆனால் அதே தோட்டத்தில் கரும்புள்ளியும் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

ஊதாவும் பழுப்புமாகக் கோணல் திட்டுகள், ஓரிரு நாளில் இலை கொட்டிவிடுகிறது

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். பார்ப்பதற்குக் கரும்புள்ளி மாதிரி, சில நேரம் மருந்து பட்டுக் கருகியது மாதிரி இருக்கும். ஆனால் திட்டு வட்டமாக இருக்காது, நரம்புகளுக்கு இடையில் அடைபட்டுக் கோணக் கோணமாக இருக்கும். மேல்பகுதி இளம் இலைகளில் தொடங்கும். தொட்டாலே சிற்றிலைகள் பச்சையாகவே உதிரும். இது அடிச்சாம்பல் நோய், பெரோனோஸ்போரா ஸ்பார்சா. பெயரில் சாம்பல் இருந்தாலும் மேலே சொன்ன சாம்பல் நோய்க்கும் இதற்கும் உறவே கிடையாது. கண்டிப்பாகப் பார்த்தால் இது பூஞ்சாணமே அல்ல, பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கமான ஊமைசீட் இனத்தைச் சேர்ந்தது. இந்த வித்தியாசம் ஏட்டோடு நிற்பதில்லை. கார்பென்டாசிமோ டெபுகோனசோலோ எத்தனை முறை அடித்தாலும் இது அசையாது.

உறுதி செய்ய ஒரு எளிய வழி: சந்தேகமான இலைகளை ஈரக் காகிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, குளிர்ச்சியான இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடிப்பக்கம் லென்ஸில் பார்த்தால் திட்டுக்கு நேர் கீழே சாம்பல் நிறத்தில் மெல்லிய பூம்பஞ்சு தெரிந்தால் இதுதான். தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது, சில நேரம் அது மிகக் குறைவாகத்தான் வரும்.

குளிரும் ஈரமும் சேர்ந்த நாட்களில், காற்றின் ஈரப்பதம் 85 சதத்துக்கு மேல் நிற்கும்போது இது பரவும், வெப்பம் 27 டிகிரியைத் தாண்டி நிலைத்தால் தானாக அடங்கும். வேகம் அதிகம் என்பதால் காத்திருக்க நேரமில்லை. தாக்கிய கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள், செடிகளுக்கு நடுவே காற்று போகும்படி திறந்துவிடுங்கள், மெட்டலாக்ஸிலும் மேன்கோசெப்பும் சேர்ந்த கலவை, டைமெத்தோமார்ஃப், ஃபோசெட்டில் அலுமினியம், இவற்றில் உங்கள் இடத்தில் அனுமதி உள்ள ஒன்றை அடியுங்கள்.

அடியில் ஆரஞ்சுத் தூள்

துரு நோய், ஃப்ராக்மீடியம் இனம். இலையின் மேல் சிறு மஞ்சள் புள்ளிகள், திருப்பினால் அதே இடத்தில் ஆரஞ்சு நிறக் கொப்புளம், தொட்டால் விரலில் ஒட்டும். பருவக் கடைசியில் கொப்புளம் கறுப்பாக மாறும், அது வித்தின் ஓய்வுநிலை. குளிர்ச்சியும் ஈரமுமான வானிலையில் வரும், கடும் வெயிலில் மறையும். இலைகளைப் பறித்து அழியுங்கள், தண்டில் ஆரஞ்சுப் புடைப்பு இருந்தால் அந்தத் தண்டையே எடுத்துவிடுங்கள். மேன்கோசெப் போதும், தீரவில்லையென்றால் டெபுகோனசோல் வகை.

மொட்டு விரியாமல் பழுப்பாகிறது

மூன்று காரணங்கள் இருக்கலாம். மொட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் வளர்ந்திருந்தால் பொட்ரைடிஸ் என்ற பூஞ்சாணம், வெளிர் நிறப் பூக்களின் இதழில் சின்னச் சின்ன சிவப்பு வளையங்களும் இதன் அடையாளம். பஞ்சு இல்லை, வெளியிதழ்கள் காகிதம்போல் ஒட்டிக்கொண்டு இறுகியிருக்கின்றன என்றால் அது மழை நனைத்து வெயில் காய்ச்சியதால் வந்தது, நோய் அல்ல. ஒட்டிய வெளியிதழை மெதுவாக உரித்துவிட்டால் பூ பெரும்பாலும் விரியும், விட்டுவைத்தால் பொட்ரைடிஸ் அங்கே குடியேறும். இதழ் ஓரம் மட்டும் கருகி மொட்டு கோணலாக இருந்தால் வெள்ளைத் தாளின் மேல் மொட்டைத் தட்டிப் பாருங்கள், மெல்லிய கோடுபோல் ஊர்வது இலைப்பேன், அதற்குப் பூஞ்சாண மருந்து எதற்கு?

பொட்ரைடிஸுக்கு மருந்தைவிடக் கத்தரிக்கோல் முக்கியம். வாடிய பூவைச் செடியிலேயே விடாதீர்கள், அழுகிய மொட்டைக் காம்போடு வெட்டி உடனே வெளியே போடுங்கள்.

கவாத்து செய்த இடத்திலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே இறங்குகிறது

நுனிக்கருகல். வெட்டுக் காயத்தின் வழியாகப் பூஞ்சாணம் நுழைந்து மேலிருந்து கீழே வருகிறது. கறுப்பு எங்கே முடிகிறதோ அங்கே வெட்டினால் போதாது. வெட்டிய முகத்தைப் பாருங்கள், நடுவில் இருக்கும் சோறு வெள்ளையாக இருக்க வேண்டும், பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் இன்னும் ஒரு கணு கீழே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரியை 70 சத ஆல்கஹாலால் துடையுங்கள். வெளிப்பக்கம் பார்த்திருக்கும் மொட்டுக் கண்ணுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, கண்ணுக்கு எதிர்ப்புறம் சரிவாக வெட்ட வேண்டும். கண்ணுக்கு மேலே நீளமாகக் குச்சியை விட்டால் அது காய்ந்துபோகும், காய்ந்த குச்சி பூஞ்சாணத்துக்கு வாசல். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் கெட்டியாகக் குழைத்துத் தடவலாம். மழை பெய்யும் நாளில் கவாத்து வேண்டாம்.

தண்டின் அடிப்பகுதியில் பழுப்பு வெடிப்பு தண்டைச் சுற்றி வளைத்திருந்தால் அந்தத் தண்டு பிழைக்காது, அடியோடு எடுத்துவிடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி முழுக்க வாடினால் கோளாறு வேரில். தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள், வேரின் தோல் உருவினால் கழன்று வந்தால் அழுகல், வடிகால் சரியில்லை.

சிறு வட்டம், நடுவில் சாம்பல் வெள்ளை, அப்புறம் ஓட்டை

ஓரம் ஊதாச் சிவப்பாக, நடு வெளுத்து உதிர்ந்து ஓட்டை விழுந்தால் ஆந்த்ராக்னோஸ். கரும்புள்ளிக்குச் செய்வதையே செய்யுங்கள், தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பூஞ்சாணம் இல்லாத சிலவற்றையும் பார்த்துவிடுங்கள்

நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாக இளம் இலைகள் வந்தால் இரும்புச்சத்துக் குறை. இலை முழுக்கப் பொடிப் பொடி வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை என்றால் சிலந்திப்பேன். அலை அலையாக மஞ்சள் கோடுகள் வந்தால் வைரஸ், அதற்கு மருந்தே கிடையாது. குளிரும் ஈரமுமான நாளில் தாமிர மருந்து அடித்து அதற்கப்புறம் செந்நிறமும் ஊதாவுமாகச் சிறு புள்ளிகள் வந்திருந்தால், அது தாமிரமே செய்த காயம். இதை நோய் என்று நினைத்து மறுபடி தாமிரமே அடித்தால் இலையெல்லாம் கொட்டிவிடும். ருகோசா ரோஜாக்கள் கந்தகம் உட்படப் பல மருந்துகளைத் தாங்காது, அவற்றுக்கு நோயும் அதிகம் வராது, விட்டுவிடுங்கள்.

சரியான மருந்து அடித்தும் நிற்கவில்லை

பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் நனைந்திருக்காது. தெளிப்பானின் மூக்கைச் செடிக்குக் கீழே விட்டு மேல்நோக்கி அடிக்க வேண்டும், இலையிலிருந்து சொட்டத் தொடங்கும்போது நிறுத்துங்கள். ரோஜா இலையில் தண்ணீர் உருண்டு ஓடும் என்பதால் ஒட்டு திரவம் கொஞ்சம் சேருங்கள். காற்று இல்லாத அதிகாலையில், இலை உலர நேரம் கிடைக்கும்படி அடிப்பது நல்லது. கையுறை, முகமூடி, கண்ணாடி மூன்றும் வேண்டும். பூவைத் தலையில் வைப்பதற்கோ குல்கந்துக்கோ பறிக்கிற செடி என்றால் அலங்காரச் செடிக்கான மருந்து எதையும் அதில் அடிக்கவே கூடாது.

அடுத்த காரணம், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்து பூஞ்சாணம் பழகிவிடுவது. "மாற்றி மாற்றித்தான் அடிக்கிறேன்" என்பார்கள், பார்த்தால் டெபுகோனசோல், அடுத்து புரோபிகோனசோல், அடுத்து ஹெக்சகோனசோல். மூன்றும் ஒரே குழு, பூஞ்சாணத்தின் ஒரே இடத்தில்தான் தாக்குகின்றன. பல டப்பாக்களின் லேபிளில் குழு எண் அச்சிட்டிருப்பார்கள், இந்த மூன்றும் 3, அசாக்ஸிஸ்ட்ரோபினும் டிரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபினும் 11, கார்பென்டாசிம் 1. எண் மாறினால்தான் மருந்து மாறியதாகக் கணக்கு. மேன்கோசெப், கந்தகம், தாமிரம் ஆகியவை எம் என்ற எழுத்தோடு வரும், இவை ஒரே சமயத்தில் பல இடங்களில் தாக்குவதால் பூஞ்சாணம் எளிதில் பழகாது. தடுப்புக்கு இவற்றையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஊடுருவும் மருந்தை நோய் ஏறும் நேரத்துக்கு மட்டும் எடுங்கள், ஒரே குழுவை இரண்டு முறைக்கு மேல் தொடர்ச்சியாக வேண்டாம்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் வருடாவருடம் அதே செடி மட்டும் நோயில் விழுகிறதென்றால் இடத்தைப் பாருங்கள். தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழுகிறதா, குறிப்பாகக் காலை வெயில்? இரண்டு செடிகளின் இலைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா? நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கிளைகளை எடுத்துத் திறந்த கிண்ணம்போல் ஆக்கியிருக்கிறீர்களா? தரையில் 5 சென்டிமீட்டர் மூடாக்கு போட்டு, தூரை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி விட்டிருக்கிறீர்களா? மண்ணிலிருந்து வித்து தெறிப்பதை அது ஒன்றே நன்றாகக் குறைக்கும். பெரிய கவாத்தின்போது மிச்சமிருக்கும் பழைய இலைகளையும் உருவிவிட்டு, தரையைச் சுத்தம் செய்து, பழைய மூடாக்கை மாற்றி, வெறும் தண்டுகளின் மேல் ஒரு தடுப்புத் தெளிப்பு கொடுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு பருவம் தொடர்ந்து இலையில்லாமல் நிற்கிற வகையை நான் வைத்துக்கொள்ள மாட்டேன், மற்ற செடிகளுக்கு வித்து அனுப்பிக்கொண்டே இருப்பது அதுதான். வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் நோய் தாங்கும் வகை ஒன்றை வையுங்கள், புதுச் செடி வைப்பதற்கு முன் குழியின் பழைய மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுத்து மாற்றிவிடுங்கள்.